கடன் கட்டி முடிச்சாச்சு, ஈசில எம்ஓடி மட்டும் அப்படியே நிக்குது!

சொத்து சம்பந்தமான வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், வீட்டுக்கடன் முடிஞ்சும் வில்லங்கச் சான்றுல (அதான் ஈசி) அடமானம், அதாவது எம்ஓடி, இன்னும் காட்டுதுன்னு. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். 22 வருஷம் பத்திர எழுத்தரா பத்திர ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்தவன் நான், இந்த ஒரு விஷயத்துல ஜனங்க தவிக்கிறதை எத்தனை தடவை பார்த்திருக்கேன்னு சொல்லி மாளாது.

கேள்வி: 2009-ல வீட்டுக்கடன் வாங்கி 2021 மார்ச்ல முழுசா கட்டி முடிச்சேன். பேங்க்ல கடன் பாக்கி இல்லைன்னு என்ஓசி குடுத்தாங்க, ஒரிஜினல் பத்திரம் எல்லாம் திருப்பி குடுத்தாங்க. இப்ப வீட்டை விக்கலாம்னு பார்த்தா, வாங்குறவரோட பேங்க் வக்கீல் ஈசில எம்ஓடி நிக்குது, லோன் தர முடியாதுங்கிறாரு. பேங்க்ல போய் கேட்டா பழைய மேனேஜர் மாறிட்டாரு, உங்க அக்கவுண்ட் க்ளோஸ் ஆயிடுச்சே, இதுல எங்களுக்கு என்ன வேலைன்னு கேக்குறாங்க. அட்வான்ஸ் வாங்கிட்டேன், மூணு மாசத்துல கிரயம் முடிக்கணும். என்ன பண்றது? (வாசகர், ஸ்ரீரங்கம்)

சார், முதல்ல பயப்படாதீங்க, மூணு மாசம் தாராளமா போதும். ஆனா நாளைக்கே ஆரம்பிச்சுடுங்க.

உங்க விஷயத்துல நடந்தது இதுதான். லோன் வாங்கினப்ப பத்திரத்தை பேங்க்ல ஒப்படைச்சதுக்கு ஒரு ஆவணம் எழுதி சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சிருப்பாங்க, அதுதான் எம்ஓடி, உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு ஆவணம்னு ஈசில வரும். (தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்லேர்ந்து இதை பதியிறது கட்டாயம், அதுக்கு முன்னாடியும் நிறைய பேங்க் பதிஞ்சாங்க, உங்களுது அப்படித்தான்.) இந்த எம்ஓடி பத்திர ஆபீஸ் புத்தகத்துல ஏறினது ஒரு பதிவு மூலமா, அதனால கடன் தீர்ந்துச்சுங்கிறதும் இன்னொரு பதிவு மூலமாதான் அந்த புத்தகத்துக்கு தெரியணும். பேங்க் குடுத்த என்ஓசி உங்க பீரோவுல இருக்கு, அது சப் ரெஜிஸ்ட்ராருக்கு எப்படி தெரியும் சொல்லுங்க. பேங்கோட கம்ப்யூட்டருக்கும் பத்திர ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் நடுவுல, நீங்க கட்டி முடிச்ச அன்னிக்கு தானா போய் சேர்ற மாதிரி எந்த ஏற்பாடும் கிடையாது.

அந்த இன்னொரு பதிவுக்கு பேர் ரசீது ஆவணம், பத்திர ஆபீஸ் பக்கம் ரசீது பத்திரம்னு சொல்லுவாங்க. இன்ன தேதி, இன்ன நம்பர் எம்ஓடி மூலமா குடுத்த கடன் முழுசும் வசூல் ஆயிடுச்சு, இனி இந்த சொத்து மேல எங்களுக்கு எந்த பாத்தியமும் இல்லைன்னு பேங்க் எழுதிக் குடுக்குறது. எழுதிக் குடுக்குறவர் பேங்க், எழுதி வாங்குறவர் நீங்க. பேங்க் சார்பா அதிகாரம் உள்ள ஆபீசர் ஒருத்தர் நேர்ல பத்திர ஆபீஸுக்கு வந்து கையெழுத்தும் கைரேகையும் வைக்கணும், இந்த இடத்துலதான் முக்கால்வாசி பேருக்கு இழுத்துக்கிட்டே போகுது, ஏன்னா மேனேஜருக்கு பேங்க் நேரத்துல வெளிய வர முடியாது, ஆடிட் இருக்கும், மாசக்கடைசி இருக்கும், அதனால சில கிளைகள்ல வாரத்துல ஒரு நாள் வச்சு நாலஞ்சு ரசீதை சேர்த்து பதியிறாங்க, உங்க கிளைல அப்படி நாள் இருக்கான்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

அவங்க எங்களுக்கு என்ன வேலைன்னு கேட்டா, சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 60-ன்னு சொல்லுங்க. கடனை தீர்த்தவர் கேட்டா பத்திரங்களை திருப்பித் தரணும், அடமான உரிமை தீர்ந்துடுச்சுன்னு எழுதி பதிஞ்சும் தரணும்னு அந்த பிரிவு சொல்லுது, செலவு மட்டும் கடன் வாங்கினவரோடது. இதை வாயால சொல்லாம ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி, பழைய லோன் நம்பர், எம்ஓடி நம்பர், வருஷம், எந்த சார்பதிவாளர் ஆபீஸ்னு எல்லாம் போட்டு, என்ஓசி ஜெராக்ஸும் ஈசி ஜெராக்ஸும் சேர்த்து குடுத்து, காப்பில சீல் வாங்கிக்கோங்க. அந்த சீல் இருந்தாலே பாதி வேலை நகரும், இது என் அனுபவம்.

பதிவுக் கட்டணம் பெருசா இல்ல. முன்னாடி ரசீது ஆவணத்துக்கு 20 ரூபாய்தான் இருந்துச்சு, 2023 ஜூலைல 200 ரூபாய் ஆக்கினாங்க. இது போக ஆவணம் எழுதுற கூலி, முத்திரை, பேங்க் வக்கீல் எழுதினா அவர் ஃபீஸ். 20 ரூபாய் கட்டணத்துல 2021-லயே முடிஞ்சிருக்க வேண்டிய வேலைக்கு இன்னிக்கு ஒரு கிரயமே நின்னு போயிருக்கு பாருங்க, மனசு கஷ்டமா இருக்கு.

இப்ப நான் சொல்றதை ரொம்ப கவனமா படிங்க. ரசீது டிராஃப்ட் வந்ததும் சொத்து விவரத்தை எம்ஓடி காப்பியை பக்கத்துல வச்சுக்கிட்டு எழுத்துக்கு எழுத்து பாருங்க. என்கிட்ட ஒரு தடவை ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் வந்தாரு, ரசீது பதிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, ஈசி போட்டா வரவே இல்லைன்னு. உட்கார வச்சு ரெண்டு ஆவணத்தையும் விரிச்சு பார்த்தா, எம்ஓடில சர்வே நம்பர் 142/3பி, இங்கிலீஷ் பி எழுத்து கையெழுத்து காப்பில எட்டு மாதிரி தெரிஞ்சிருக்கு, ரசீது டைப் பண்ணின பையன் 142/38-ன்னு அடிச்சுட்டான். அவ்வளவுதான், அந்த ரசீது யாரோ ஒருத்தரோட சர்வே நம்பர்ல போய் உட்கார்ந்துடுச்சு, வாத்தியாரோட நம்பர்ல தேடினா எப்படி வரும். அப்புறம் பிழைதிருத்தல் பத்திரம் போட்டு, அதே மேனேஜரை மறுபடி கெஞ்சி கூட்டிட்டு வந்து, ரெண்டு மாசம் போச்சு. உட்பிரிவு ஆகி நம்பர் மாறியிருந்தா பழைய நம்பர், புது நம்பர் ரெண்டையும் எழுதச் சொல்லுங்க.

இன்னொன்னு, நடுவுல டாப்-அப் லோன், அதாவது அதே வீட்டு மேல கூடுதல் கடன், எதாவது எடுத்தீங்களா? எடுத்திருந்தா அதுக்கு தனியா ஒரு எம்ஓடி பதிஞ்சிருப்பாங்க. ரெண்டு எம்ஓடி இருந்தா ரெண்டும் தீர்ந்ததா பதிவாகணும், ஒண்ணுக்கு மட்டும் ரசீது போட்டுட்டு வந்தா வக்கீல் மறுபடி திருப்பி அனுப்புவாரு. அதனால 2009-லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஈசி போட்டு, எத்தனை எம்ஓடி இருக்குன்னு எண்ணிட்டு பேங்குக்கு போங்க. பதிவுத்துறை வெப்சைட்ல ஈசி காசு இல்லாமலே பார்க்கலாம்.

கேள்வி: ரசீது பதிஞ்சுட்டேன் சார். ஆனா ஈசி போட்டா எம்ஓடி இன்னும் அப்படியே வருதே, அழியலையே? (வாசகி, பல்லடம்)

அழியாதும்மா. ஈசிங்கிறது அந்த சொத்துல என்னென்ன பதிவு நடந்துச்சோ அதோட வரிசை, நடந்த பதிவை யாரும் எடுக்க முடியாது. எம்ஓடி ஒரு எண்ட்ரி, அதுக்கு கீழ ரசீது ஒரு எண்ட்ரி, ரெண்டும் இருக்கும். ரசீது எண்ட்ரில முந்தைய ஆவண எண்ணுங்கிற இடத்துல உங்க எம்ஓடி நம்பரும் வருஷமும் சரியா வந்திருக்கான்னு மட்டும் பாருங்க. அது சரியா இருந்தா எந்த வக்கீலும் ஒத்துக்குவாரு. எம்ஓடியை ஈசிலேர்ந்து தூக்கித் தர்றேன்னு யாராவது காசு கேட்டா குடுத்துடாதீங்க, அப்படி ஒரு வேலையே கிடையாது.

கேள்வி: லோன் முடிச்சு 70 நாள் ஆச்சு, ஒரிஜினல் பத்திரம் இன்னும் வரல. வேற ஊர்ல இருக்கிற ஸ்டோர்லேர்ந்து வரணும், வந்ததும் கூப்பிடுறோம்னு ஃபோன்ல சொல்லிக்கிட்டே இருக்காங்க. (வாசகர், ஓசூர்)

இதுக்கு ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-ல ஒரு உத்தரவு போட்டிருக்கு, எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது. கடன் முழுசா தீர்ந்த நாள்லேர்ந்து 30 நாளுக்குள்ள ஒரிஜினல் ஆவணம் எல்லாத்தையும் திருப்பித் தரணும், எந்த பதிவகத்துல சொத்து மேல கடன் பாத்தியம் பதிஞ்சிருந்தாலும் அதையும் நீக்கணும். பேங்க் பக்கத்து தாமதம்னா 30 நாளுக்கு மேல போற ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்கு தரணும். 2023 டிசம்பர் 1-க்கு அப்புறம் பத்திரம் திருப்பித் தர வேண்டிய எல்லா வீட்டுக்கடனுக்கும் பொருந்தும், பேங்க், கூட்டுறவு வங்கி, ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி எல்லாருக்கும்தான். (ஸ்ரீரங்கம் வாசகருக்கு இந்த 5,000 கணக்கு வராது, அவரோட கடன் 2021-லயே முடிஞ்சுது.)

உங்களுக்கு 70-ல 30 போக 40 நாள், 40 பெருக்கல் 5,000, ரெண்டு லட்சம் ரூபாய். பேங்க் இதை தானா எடுத்து நீட்டுவாங்கன்னு காத்திருக்காதீங்க, எழுதிக் கேளுங்க. ஃபோன் பேசினதுக்கு எந்த சாட்சியும் இல்ல, இன்னிக்கே மெயில் போடுங்க, கடன் முடிஞ்ச தேதி, இன்னியோட எத்தனை நாள், ரிசர்வ் வங்கி உத்தரவு தேதி மூணையும் எழுதி. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ பதில் திருப்தியா இல்லைன்னாலோ ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன்கிட்ட (குறைதீர்ப்பாளர்) ஆன்லைன்லயே புகார் பண்ணலாம், காசு கிடையாது, வக்கீல் தேவையில்ல, எப்படி பண்றதுன்னு தெரியலைன்னா 14448-க்கு கூப்பிட்டு கேளுங்க.

பத்திரம் தொலைஞ்சு போச்சுன்னு சொன்னாங்கன்னா, சான்றிட்ட நகல் எடுக்கிறதுக்கு அவங்கதான் உதவணும், செலவும் அவங்களோடது. அதுக்கு கூடுதலா 30 நாள் அவகாசம் இருக்கு, அதாவது மொத்தம் 60 நாள் தாண்டினா அந்த 5,000 கணக்கு ஓட ஆரம்பிக்கும்.

பத்திரத்தை வாங்கும்போது அவசரப்படாதீங்க. லோன் எடுக்கும்போது குடுத்த டாக்குமெண்ட் லிஸ்ட்டை கையோட எடுத்துட்டு போய், கவுண்டர்லயே உட்கார்ந்து தாய்ப் பத்திரம், கிரயப் பத்திரம், எம்ஓடி ஒரிஜினல்னு ஒவ்வொண்ணா சரிபார்த்து, பக்கம் எண்ணி, அப்புறம் கையெழுத்து போடுங்க. எல்லாம் பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்து போட்டுட்டு வீட்டுல வந்து பார்த்து தாய்ப் பத்திரம் இல்லைன்னா யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. அன்னிக்கே செர்சாய் பத்தியும் கேட்டுடுங்க. ஒரே சொத்தை ரெண்டு பேங்க்ல வச்சு ஏமாத்துறதை தடுக்க 2011-லேர்ந்து இருக்கிற மத்திய பதிவகம் அது, உங்க லோன் அங்கயும் ஏறியிருக்கும், அங்க தீர்வு பதிய வேண்டியது முழுக்க பேங்க் வேலை, நீங்க எங்கயும் போக வேண்டாம், பண்ணிட்டோம்னு ஒரு மெயில் வாங்கி வச்சுக்கிட்டா போதும். சிபில்லயும் க்ளோஸ்டுன்னு வந்திருக்கான்னு ஒரு மாசம் கழிச்சு பாருங்க.

கேள்வி: எங்க அப்பா கடன் வாங்கின பேங்க் இப்ப இல்லவே இல்ல, வேற பேங்கோட சேர்ந்துடுச்சு. யாரு ரசீது குடுப்பாங்க? (வாசகர், கரூர்)

சேர்த்துக்கிட்ட பேங்க்தான் குடுக்கணும், பழைய பேங்கோட வரவு, கடன், பொறுப்பு எல்லாம் சேர்த்துதான் அவங்களுக்கு போயிருக்கு. லட்சுமி விலாஸ் பேங்க் 2020 நவம்பர் 27-லேர்ந்து டிபிஎஸ் பேங்க் இந்தியா, அலகாபாத் பேங்க் 2020 ஏப்ரல் 1-லேர்ந்து இந்தியன் பேங்க், அதே நாள்ல சிண்டிகேட் பேங்க் கனரா பேங்க்ல சேர்ந்துச்சு, கார்ப்பரேஷன் பேங்கும் ஆந்திரா பேங்கும் யூனியன் பேங்க்ல, 2019-ல விஜயா பேங்க் பாங்க் ஆஃப் பரோடால, ஹெச்டிஎஃப்சி லிமிடெட் 2023 ஜூலை 1-ல ஹெச்டிஎஃப்சி பேங்க்ல. இன்னார் வங்கியாக இருந்து இன்ன தேதி முதல் எங்களோடு இணைக்கப்பட்டதுன்னு ரசீதோட முதல் பக்கத்துலயே ஒரு பாரா வரணும், அது இல்லைன்னா ஈசில எம்ஓடி ஒரு பேங்க் பேர்லயும் ரசீது வேற பேங்க் பேர்லயும் வந்து பார்க்கிறவங்க குழம்புவாங்க.

அப்பா இப்ப இல்லைன்னா அவரோட இறப்புச் சான்று, வாரிசு சான்று ரெண்டும் எடுத்துட்டு போங்க, வாரிசுங்க பேருக்கு ரசீது எழுதி வாங்கலாம். கடன் வாங்கினவர் இறந்துட்டா வாரிசுங்களுக்கு பத்திரம் குடுக்கிற நடைமுறையை பேங்க் எழுதி வச்சிருக்கணும்னும் அந்த 2023 உத்தரவுல இருக்கு, வெப்சைட்லயும் போட்டிருக்கணும்.

கேள்வி: எங்க மனையில 1980-கள்ல ஒரு தனி நபர்கிட்ட பதிஞ்ச அடமானம் ஈசில வருது. தாத்தா காசை கட்டிட்டாருன்னு பாட்டி சொல்றாங்க. கடன் குடுத்தவர் இறந்து ரொம்ப வருஷம் ஆச்சு. (வாசகி, மன்னார்குடி)

இந்த கேள்வியை படிச்சப்ப எனக்கு எங்க வீடு ஞாபகம் வந்துடுச்சும்மா. எங்க அப்பா 1987-ல அக்கா கல்யாணத்துக்கு வீட்டை அடமானம் வச்சு ஒருத்தர்கிட்ட பணம் வாங்கினாரு, பதிஞ்ச அடமானம். நாலு வருஷத்துல வட்டியும் முதலும் கட்டி பத்திரத்தை திருப்பி வாங்கினாரு. அந்த பத்திரத்தோட பின்பக்கத்துல ஊதா மைல, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, "அசலும் வட்டியும் முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி பாத்தியமில்லை"ன்னு எழுதி ஸ்டாம்ப் மேல குறுக்கால கையெழுத்து போட்டு குடுத்திருந்தாரு அந்த மனுஷர். நல்ல மனுஷர். அப்பாவும் அதை துணில சுத்தி டிரங்க் பெட்டில பத்திரமா வச்சிருந்தாரு. ஆனா 2014-ல வீட்டை விக்கப் போனப்ப ஈசில 1987 அடமானம் மட்டும் நிக்குது, பின்பக்கம் எழுதினது ஈசில எங்க வரும்? அத்தனைக்கும் நான் அதே தொழில்ல இருக்கேன், எங்க வீட்டு பெட்டில இருந்த பேப்பரை நான் திருப்பி பார்க்கவே இல்ல. வாங்க வந்தவரோட பேங்க் ஒத்துக்கல. அந்த மனுஷரோட மூணு பிள்ளைங்களை தேடிப் பிடிச்சு, ஒருத்தர் பம்பாய்ல இருந்தாரு, அவர் தம்பிக்கு பவர் குடுத்து, எல்லாரும் சேர்ந்து ரசீது பதிஞ்சு குடுத்தாங்க, ஏழு மாசம் ஆச்சு. எங்க அப்பா பொய் சொல்லலைன்னு அந்த ஊதா மைய பார்த்ததும் அவங்களே சொன்னாங்க, அவங்க அப்பாவோட கையெழுத்து அது, மூத்த பிள்ளை தொட்டு தொட்டு பார்த்தாரு.

இதுல சட்டம் என்ன சொல்லுதுன்னா, அடமானப் பத்திரத்து மேலயே பணம் வந்துச்சுன்னு எழுதிக் குடுக்கிற குறிப்பை பதிஞ்சே ஆகணும்னு கட்டாயம் இல்ல, பதிவுச் சட்டம் பிரிவு 17-லயே அதுக்கு விலக்கு இருக்கு. அதனால அது செல்லும், கோர்ட்ல நல்ல சாட்சி. பதியாததால ஈசில வராது, அவ்வளவுதான் பிரச்சனை. அதனால நீங்க முதல்ல வீட்டுல பழைய பெட்டி, பூஜை அலமாரி, பரண் எல்லாம் தேடுங்க, ஒரிஜினல் அடமானப் பத்திரம் உங்க கைல இருக்குன்னாலே கடன் தீர்ந்ததுக்கு அது பெரிய அடையாளம், தீராம யாரு திருப்பிக் குடுப்பாங்க. பின்பக்கமும் பாருங்க.

பத்திரம் கிடைச்சா அதை எடுத்துக்கிட்டு அவங்க வாரிசுங்களை போய் பாருங்க, மரியாதையா விஷயத்தை சொல்லுங்க, போக்குவரத்து செலவு உங்களோடதுன்னு சொல்லுங்க. எல்லா வாரிசும் கையெழுத்து போடணும், ஒருத்தர் விட்டுப் போனாலும் பின்னாடி கேள்வி வரும். ஆள் கிடைக்கலைன்னாலோ கையெழுத்து போட மாட்டேன்னாலோ, அப்ப வக்கீல்கிட்ட போங்க. சாதாரண அடமானத்துல கடன் குடுத்தவர் சொத்து மேல கேஸ் போட காலவரையறைச் சட்டப்படி 12 வருஷம்தான், பணம் கட்ட வேண்டிய தேதிலேர்ந்து. உங்களுது எப்பவோ தாண்டிடுச்சு, அதை வச்சு கோர்ட்ல விளம்புகை, அதாவது அந்த அடமானம் இனி செல்லாதுன்னு ஒரு தீர்ப்பு, வாங்கலாம், சில பேங்க் வக்கீல்கள் பத்திரம் கைல இருக்கு, 12 வருஷமும் தாண்டிடுச்சுன்னா கோர்ட் இல்லாமலே ஒத்துக்கிறதும் உண்டு. ஆனா காலம் தாண்டிடுச்சுங்கிறதுக்காக ஈசில எண்ட்ரி தானா போகாது.

ஒண்ணு மட்டும் உறுதி பண்ணிக்கோங்க, அது சாதாரண அடமானமா இல்ல சுவாதீன அடமானமான்னு. மனை அவங்க அனுபவத்துல இருந்திருந்தா கணக்கே வேற, அப்படின்னா பத்திரத்தோட நகலை எடுத்து வக்கீல்கிட்ட காட்டுங்க, நான் இங்க எழுதினதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

கேள்வி: கூட்டுறவு வீட்டுவசதி சங்கத்துல வாங்கின கடன் போன வருஷம் முடிஞ்சுது, பத்திரம் தர இழுக்கிறாங்க. எங்களுக்கும் அந்த நாளுக்கு 5,000 உண்டா? (வாசகர், விருத்தாசலம்)

இல்ல சார், வீட்டுவசதி சங்கம் பேங்க் கிடையாது, ரிசர்வ் வங்கி கட்டுப்பாட்டுல வராது. உங்க மாவட்டத்துக்கு பொறுப்பான கூட்டுறவு துணைப்பதிவாளர், வீட்டுவசதி, அவருக்கு எழுதுங்க, சங்கத்து செயலாளருக்கு ஒரு காப்பி. கடனை கட்டி முடிச்சதுக்கு சங்கம் குடுத்த பண ரசீது ஜெராக்ஸ் வைங்க. ஆனா பிரிவு 60 சங்கத்துக்கும் பொருந்தும், பத்திரத்தை திருப்பிக் குடுத்து அடமானம் தீர்ந்ததை பதிஞ்சு தர்ற கடமை அவங்களுக்கும் இருக்கு. பத்திரம் கைக்கு வந்த அன்னிக்கே ரசீது பதியிறதுக்கும் தேதி கேட்டு வாங்கிடுங்க, செயலாளர் மாறிட்டா மறுபடி முதல்லேர்ந்து நடக்கணும்.